டிஸ்னிலேண்டில் ஒரு திருமண நாள்

கலிபோர்னியாவின் அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலேண்ட் பூங்காவின் திறப்பு விழா 1955 ஜூலை 17 அன்று நடந்தது. மறுநாள் பொதுமக்கள் உள்ளே வந்தார்கள். பூங்காவின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு தேதிகளிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் திறப்புக்கு நான்கு நாள் முன்பே, கட்டுமான வேலை முடியாத அந்த இடத்தில் ஒரு விருந்து நடந்துவிட்டது. பூங்காவை உருவாக்கிய வால்ட் டிஸ்னியும் அவர் மனைவி லில்லியனும் தங்கள் 30ஆவது திருமண நாளை அங்கே கொண்டாடினார்கள். திருமண நாளுக்காகத் தம்பதியர் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது இன்று சாதாரணம். டிஸ்னிலேண்டைப் பொறுத்தவரை அதைத் தொடங்கிவைத்தவர்கள் இந்த இருவரே. அந்த நாளும், அதற்கு முன்னும் பின்னும் அதனோடு தொடர்புள்ள நாள்களும் தேதி வரிசையில் கீழே தரப்படுகின்றன.

1925 ஜூலை 13, திங்கள் – லூயிஸ்டன், ஐடஹோ

லில்லியன் பவுண்ட்ஸ் 1899இல் ஐடஹோ மாநிலத்தில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. நெஸ் பெர்ஸ் பழங்குடியினரின் நிலப்பகுதியிலுள்ள லாப்வாய் என்ற சிற்றூரில் வளர்ந்தார். 1923இல் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்தார். வால்டும் அவர் அண்ணன் ராயும் புதிதாகத் தொடங்கியிருந்த கார்ட்டூன் நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஓவியர் வரைந்த உருவங்களைச் செல்லுலாய்டு தாள்களில் மையால் படியெடுத்து, வண்ணம் நிரப்பும் வேலை. வாரச் சம்பளம் 15 டாலர். நடந்தே வேலைக்கு வரக்கூடிய தூரத்தில் வீடு இருந்ததும் அவருக்கு வேலை கிடைக்க ஒரு காரணம் என்பார்கள். அவ்வளவு சிறிய நிறுவனம் அது.

வால்டுடன் திருமணம் லூயிஸ்டனில் லில்லியனுடைய அண்ணன் வீட்டில் நடந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, நியூயார்க்கிலிருந்து திரும்பும் ரயிலில், தான் உருவாக்க நினைத்த எலிக்கு மார்ட்டிமர் என்று பெயர் வைக்கலாமா என்று வால்ட் கேட்டதாகவும், அந்தப் பெயர் பிடிக்காமல் லில்லியன் மிக்கி என்று சொன்னதாகவும் குடும்பத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள். கணவர் கொண்டுவரும் யோசனைகளை அவர் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. பின்னால் பூங்கா விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது.

1940களின் வார இறுதிகள் – கிரிஃபித் பூங்கா, லாஸ் ஏஞ்சலிஸ்

மகள்கள் டயானும் ஷரோனும் சிறுமிகளாக இருந்தபோது, வார இறுதிகளில் வால்ட் அவர்களைக் கிரிஃபித் பூங்காவின் குதிரை ராட்டினத்துக்கு அழைத்துச் செல்வார். பிள்ளைகள் சுற்றுவார்கள், அவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பெற்றோருக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழக்கூடிய ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்த பெஞ்சில்தான் தோன்றியது என்று வால்ட் பின்னாளில் சொன்னார்.

கேளிக்கைப் பூங்கா கட்டப் போவதாக அவர் சொன்னபோது லில்லியனுக்கு அது பிடிக்கவில்லை. அக்காலத்து அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்கள் பல அழுக்கடைந்து கிடந்தன. ஏமாற்று விளையாட்டுகள் நடத்துவோரும் குடித்துவிட்டுத் திரிவோரும் அங்கே மிகுதி. இவ்வளவு அழுக்கான தொழில் எதற்கு என்று அவர் கேட்டார். தன்னுடைய பூங்கா அப்படி இருக்காது என்பது வால்டின் பதில். இந்த உரையாடலுக்கு உரிய மதிப்பு கொடுக்கப்படவில்லை. டிஸ்னிலேண்டின் பேரோங்கிய தூய்மை, சில தப்படிக்கு ஒன்றாக வைத்த குப்பைத்தொட்டிகள், நாள் முழுதும் கூட்டிக்கொண்டே இருக்கும் பணியாளர்கள், சூயிங்கம் விற்பதில்லை என்ற விதி எல்லாமே அந்த ஆட்சேபத்துக்கான பதிலாக அமைந்தன.

1950 – ஹோம்பி ஹில்ஸ் வீடு

புது வீட்டின் தோட்டத்தில் வால்ட் எட்டில் ஒரு பங்கு அளவில் ஒரு நீராவி ரயில் அமைத்தார். பாதையின் நீளம் ஏறத்தாழ அரை மைல். லில்லியனின் பூச்செடிகளுக்குக் குறுக்கே தண்டவாளம் போக வேண்டியிருந்ததால், அவற்றுக்கு அடியில் 90 அடி நீளத்தில் சுரங்கப்பாதை தோண்டப்பட்டது. தண்டவாளம் போகும் நிலத்தின் மீது தனக்கு உரிமை உண்டு என்று வழக்கறிஞர் நடையில் ஓர் ஒப்பந்தம் எழுதி, மனைவி, மகள்களிடம் வால்ட் கையெழுத்து வாங்கினார். எஞ்சினுக்கு வைத்த பெயர் ‘லில்லி பெல்’. டிஸ்னிலேண்டைச் சுற்றி ஓடும் ரயிலுக்கு இந்தத் தோட்டத்து ரயிலே முன்னோடி.

1954 ஜூலை – அனஹைம்

160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு வாங்கப்பட்டு, ஜூலை மாதத்தில் கட்டுமானம் தொடங்கியது. ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும் என்பது திட்டம். மொத்தச் செலவு 1 கோடியே 70 லட்சம் டாலரை எட்டியது. அண்ணன் ராய் உட்பட நிறுவனத்தில் பலர் தயங்கியதால், ஆரம்பக் கட்டச் செலவுகளுக்காக வால்ட் தன் ஆயுள் காப்பீட்டின் மீது கடன் வாங்கினார். பாம் ஸ்பிரிங்ஸில் இருந்த ஓய்வில்லத்தையும் விற்றார். பிறகு ஏபிசி தொலைக்காட்சி 5 லட்சம் டாலர் முதலீட்டோடும் கடன் உத்தரவாதத்தோடும் வந்து சேர்ந்தது. வீட்டுச் சேமிப்பு கரையும்போது கவலைப்படுவது குடும்பத் தலைவிக்கு இயல்பு. லில்லியனின் தயக்கத்தை முன்யோசனை இல்லாத எதிர்ப்பாக எழுதுவது நியாயமல்ல.

1955 ஜூலையின் தொடக்கம் – ஆறும் படகும்

பூங்காவின் மேற்குப் பகுதியில் மிசிசிப்பியை நினைவூட்டும் செயற்கை ஆறு வெட்டப்பட்டது. முதல்முறை தண்ணீர் விட்டபோது அது மணலில் உறிஞ்சப்பட்டு மறைந்துவிட்டது. பிறகு களிமண் கொண்டுவந்து படுகையில் பூசித் தண்ணீரை நிறுத்தினார்கள். கட்டுமானத்தை மேற்பார்த்தவர் ஜோ ஃபௌலர், கப்பல் கட்டுவதில் தேர்ந்த ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல். ‘மார்க் ட்வைன்’ துடுப்புச் சக்கரப் படகின் அடிப்பகுதி துறைமுகத்துக் கப்பல் தளத்திலும், மேல்தளங்கள் பர்பேங்க் ஸ்டுடியோவிலும் செய்யப்பட்டு, பூங்காவில் இணைக்கப்பட்டன. நீளம் 105 அடி. படகு தண்ணீருக்கு அடியிலுள்ள ஒரு தண்டவாளத்தைப் பிடித்தே செல்வதால் திசை திருப்ப யாரும் வேண்டியதில்லை. ஆனால் கொதிகலனும் நீராவியும் நிஜம். பின்புறச் சக்கரம் உண்மையாகவே தண்ணீரைத் தள்ளிப் படகை ஓட்டுகிறது.

1955 ஜூலை 13, புதன் – திருமண நாள்

ஏறத்தாழ 300 பேருக்கு அழைப்பு போயிருந்தது. டிஸ்னிலேண்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை, மாலை 6 மணிக்கு வாருங்கள், மார்க் ட்வைனின் முதல் பயணம், பிறகு கோல்டன் ஹார்ஸ்ஷூ அரங்கில் உணவு என்பது அழைப்பின் சாரம். பரிசு எதுவும் வேண்டாம், எங்களிடம் பேரன் உட்பட எல்லாமே இருக்கிறது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். பேரன் கிறிஸ்டோபர் பிறந்து ஏழெட்டு மாதமே ஆகியிருந்தது.

விருந்தினர் வருவதற்கு முன் ஃபௌலர் படகைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவர ஏறினார். மேல்தளத்தில் ஒரு பெண்மணி துடைப்பத்தோடு தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். படகு ஒரே அழுக்காக இருக்கிறது, சேர்ந்து கூட்டுவோம் என்று அவரையும் அழைத்தார். அந்தப் பெண்மணிதான் லில்லியன். அட்மிரலும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். கேளிக்கைப் பூங்காக்கள் அழுக்கானவை என்று சொன்னவர், தன் திருமண நாள் மாலையில் தன் கையாலேயே ஒன்றைத் துப்புரவு செய்தார். பூங்காவின் வரலாற்றில் இதைவிடப் பொருள் பொதிந்த நிகழ்ச்சி அதிகமில்லை.

விருந்தினர்கள் குதிரை வண்டிகளில் பூங்காவுக்குள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். கேரி கூப்பர், கேரி கிராண்ட், ஸ்பென்சர் டிரேசி போன்ற நடிகர்கள் வந்திருந்தார்கள். ஸ்டுடியோ ஊழியர்களும் உறவினரும் இருந்தார்கள். இருட்டத் தொடங்கியதும் விளக்குகள் ஒளிர மார்க் ட்வைன் கரையை விட்டுக் கிளம்பியது. டிக்ஸிலேண்ட் ஜாஸ் இசைக் குழு வாசித்தது. புதினா போட்ட பானம் பரிமாறப்பட்டது. 

கரைக்குத் திரும்பியபின் எல்லோரும் கோல்டன் ஹார்ஸ்ஷூவுக்கு நகர்ந்தார்கள். பழைய மேற்கத்திய நகரத்து மதுவிடுதியின் சாயலில் ஹார்ப்பர் காஃப் வடிவமைத்த அரங்கு அது. மேடையில் நகைச்சுவைக் கலைஞர் வாலி போக் கௌபாய் வேடத்தில் பொய்த் தோட்டா போட்ட துப்பாக்கியால் சுட்டார். மாடியிலிருந்த வால்ட் விரல்களையே துப்பாக்கியாக நீட்டிப் பதிலுக்குச் சுட்டார். பிறகு மாடத்தைத் தாண்டி மேடைக்கு இறங்க ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டியது, பேசச் சொல்லிக் குரல் எழுப்பியது. அவர் பேசவில்லை, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். பிறகு லில்லியனை மேடைக்கு அழைத்தார்கள். அவரும் இரு மகள்களும் ஏறினார்கள். இசைக் குழு வாசிக்க, மேடை நடன அரங்கமானது.

அன்று வால்ட் கொஞ்சம் குடித்திருந்தார். காரைத் தானே ஓட்டுவதாக டயான் சொன்னார், அவரும் ஒப்புக்கொண்டார். பின் இருக்கையில் உட்கார்ந்து டிஸ்னிலேண்ட் வரைபடத்தைச் சுருட்டி, ஊதுகுழல்போல மகளின் காதருகே ஊதினார். சற்று நேரத்தில் சத்தம் நின்றது. டயான் திரும்பிப் பார்த்தபோது, சுருட்டிய வரைபடத்தை அணைத்தபடி அவர் தூங்கிப்போயிருந்தார். இந்த விவரம் டயான் சொன்னது. கடன், கெடு, முடியாத வேலைகள் என்று மாதக்கணக்காக நெருக்கடியில் இருந்த ஒரு மனிதர் அந்த ஓர் இரவு அதையெல்லாம் இறக்கிவைத்தார். மறுநாள் காலை வழக்கம்போல அனஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார்.

1955 ஜூலை 17, ஞாயிறு – திறப்பு விழா

திருமண நாளின் ஒழுங்கு திறப்பு விழாவில் இல்லை. போலி நுழைவுச் சீட்டுகளால் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான கூட்டம் சேர்ந்தது. ஏறத்தாழ 28,000 பேர் என்பது வழக்கமான கணக்கு. கடும் வெயிலில் புதுத் தார் இளகிக் காலணிகளைப் பற்றியது. குழாய்ப் பணியாளர் வேலைநிறுத்தத்தின் விளைவாகக் குடிநீர்க் குழாய்கள் பல வேலை செய்யவில்லை. மார்க் ட்வைனில் அளவுக்கு மீறி ஆள் ஏறியதால் தளத்தின் மேல் தண்ணீர் புரண்டது. நான்கு நாள் முன்பு 300 பேரோடு அமைதியாகச் சென்ற அதே படகு.

மெயின் ஸ்ட்ரீட் தீயணைப்பு நிலையக் கட்டடத்தின் மாடியில் டிஸ்னி தம்பதிக்கென ஒரு சிறு குடியிருப்பு இருந்தது. பூங்காவில் தங்க நேர்ந்தால் இருவரும் அங்கே தங்குவார்கள். திறப்பு நாளில் மக்கள் உள்ளே வருவதை வால்ட் அந்த ஜன்னலிலிருந்து கண்ணீரோடு பார்த்ததாக, அப்போது அருகில் நின்ற ஒரு சிறுமி நடிகை பின்னாளில் சொன்னார்.

1956 ஜூலை – ஃப்ளோரிசன்ட், கொலராடோ

31ஆவது திருமண நாளை ஒட்டிய பயணத்தில் கணவனும் மனைவியும் கொலராடோ மலைப்பகுதியிலிருந்த ஒரு தனியார் கல்மரக் காட்டுக்குச் சென்றார்கள். சுமார் 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓங்கி வளர்ந்திருந்த செக்கோயா மரங்களின் அடிப்பகுதியை எரிமலைச் சேறு மூடியது. சேற்றுக்கு மேலே நின்ற பகுதி உளுத்துப் போயிற்று. புதைந்த பகுதிக்குள் எரிமலைச் சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா நிலத்தடி நீரோடு புகுந்து, மரத்தின் செல்களில் படிந்து இறுகியது. காலப்போக்கில் மரம் கல்லாயிற்று. ஆண்டு வளையங்கள் இன்னும் தெரிகின்றன.

வால்ட் அப்படிப்பட்ட ஓர் அடிமரத்தை விலைக்கு வாங்கினார். குறுக்களவு ஏழரை அடி, எடை 5 டன். அது லில்லியனுக்கான திருமண நாள் பரிசு என்று ஆயிற்று. வீட்டில் வைக்க வழியில்லாததால் லில்லியன் அதைப் பூங்காவுக்கே கொடுத்துவிட்டார். 1957 செப்டம்பரில் மார்க் ட்வைன் செல்லும் ஆற்றின் கரையில் அது நிறுத்தப்பட்டது. அது வெட்டியெடுக்கப்பட்ட இடம் 1969இல் தேசியப் பாதுகாப்புச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் வந்துவிட்டது; இனி அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்க முடியாது.

பின்னாளில்

வால்ட் 1966 டிசம்பர் 15 அன்று இறந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் அவர் பெயரில் ஓர் இசை அரங்கம் அமைக்க 1987இல் லில்லியன் 5 கோடி டாலர் கொடுத்தார். 2003இல் அது திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1997 டிசம்பர் 16 அன்று, 98ஆம் வயதில் மறைந்தார்.

திருமண நாளுக்கு டிஸ்னிலேண்ட் வரும் தம்பதியர்க்கு இப்போது நுழைவாயிலை அடுத்த சிட்டி ஹாலில் இலவசமாக ஒரு பேட்ஜ் தருகிறார்கள். அதை அணிந்துகொண்டு மார்க் ட்வைனில் ஏறுபவர்கள் கரையிலுள்ள கல்மரத்தையும் இறங்கிவந்து பார்க்க வேண்டும். அதன் பலகை மரத்தின் வயதை 5½ முதல் 7 கோடி ஆண்டு என்கிறது. இன்றைய நிலவியல் கணக்குப்படி அது தவறு. கொடுத்தவர் ‘திருமதி வால்ட் டிஸ்னி’ என்று மட்டும் அதில் இருக்கிறது. வயதைத் திருத்தும் நாளில், லில்லியன் என்ற பெயரையும் அங்கே பொறித்துவிட வேண்டும்.