அடித்தால் எழுத்து வருமா?

சமீபத்தில் கற்றல் குறைபாடு பற்றிய பயிற்சிக்குப் போய் வந்தேன். "ஊர்க்கதையெல்லாம் பேசுறான் டீச்சர், புஸ்தகத்தைத் தொட்டா மட்டும் முழிக்கிறான்" என்று என் மூன்றாம் வகுப்புத் தாய்மார்கள் அலுத்துக்கொள்வதன் காரணம் அங்கே புரிந்தது. அது சோம்பலாக இல்லாமல் 'டிஸ்லெக்சியா'வாக இருக்கலாம், புத்திக்குறைவு அல்ல.

'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் ஓசையோ பின்னால் வருகிறது. குழந்தை தடுமாறாதா?

இதற்கு டானிக் கிடையாது, சகோதரிகளே. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்யுங்கள். சந்தேகமிருந்தால் நிபுணரிடம் காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் உண்டு. சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

'மக்கு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லை எந்தக் குழந்தையும் எளிதில் மறப்பதில்லை.