‘ஓகே சார்’ என்று சொல்லப் பழகியவர்கள்

போன மாதம் திருத்தணியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒரு தங்கை முகம் வாடி வந்தாள். பி.காம். முடித்தவள், வீட்டில் முதல் பட்டதாரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போயிருந்தாள். கணக்குக் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியாக, ‘ஆர் யூ எக்ஸைட்டட் டு ஜாய்ன் அஸ்?’ என்று கேட்டிருக்கிறார்கள். இவள் ‘ஓகே சார்’ என்றாளாம். கூடப் போன பெண்ணுக்கு வேலை கிடைத்தது. இவளிடம் ‘ஆர்வம் போதவில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இரவல் வாங்கிய சுடிதாரை முதல் நாள் ராத்திரியே இஸ்திரி போட்டு வைத்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, திருவள்ளூரில் பஸ் மாறிப் போனவள் அவள். அவளுக்குத்தான் ஆர்வம் போதவில்லையாம்.

“உள்ள படபடன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சிக்கா. வாயில வேற வார்த்த வரல” என்றாள்.

அன்று வகுப்பு முடிந்த பிறகு நாங்கள் நெடுநேரம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நாம் முதன்முதலில் முழுசாக எழுதக் கற்ற ஆங்கிலம் எது? லீவ் லெட்டர். ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’, ‘கைன்ட்லி கிரான்ட் மி லீவ்’, கடைசியில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’. அதற்கடுத்து உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் விண்ணப்பம்: ‘ஐ ஹம்ப்ளி ரெக்வெஸ்ட்’. காய்ச்சலைச் சொல்ல வார்த்தை கொடுத்தார்கள், கெஞ்சவும் கீழ்ப்படியவும் வார்த்தை கொடுத்தார்கள். சந்தோஷத்துக்கு ‘ஐ ஆம் வெரி ஹேப்பி’ என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அரசுப் பள்ளியில் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற குறைதானே இது என்று கேட்கலாம். பாதி உண்மை. மீதிப் பாதி ஆங்கிலத்தில் இல்லை, நம் தெருவில் இருக்கிறது. சின்ன வயதில் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? “இன்னாத்துக்கு இப்டி குதிக்கிற? அடங்கி இரு.” அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. ஊர்த்தெருவில் சேரிப் பிள்ளை மகிழ்ச்சியைக் காட்டினால் என்ன நடக்கும் என்பதைப் பட்டுத் தெரிந்தவர்கள்.

மிகையாகச் சொல்கிறோம் என்று தோன்றினால் சட்டத்தைப் பாருங்கள். 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் புதுத்துணி உடுத்துவதை, செருப்பு போடுவதை, சைக்கிளோ பைக்கோ ஓட்டுவதை, கல்யாண ஊர்வலம் போவதை, அதில் குதிரை ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று அது பட்டியல் போட்டுச் சொல்கிறது. புதுச்சட்டையைக்கூடப் பெயர் சொல்லிக் காக்க வேண்டிய நிலை என்றால், நம் மகிழ்ச்சியை எத்தனை தெருக்களில் வழிமறித்திருப்பார்கள்! அடக்கிப் பழகிய உடம்பு, ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி முன்னால் சட்டென்று பொங்கிவிடுமா? ‘ஓகே சார்’ என்பது ஆர்வம் இல்லாதவளின் பதில் இல்லை. அடிபடாமல் இருப்பதற்குப் பழகிய பதில்.

அவர்கள் தேடிய அந்த ‘என்தூசியாசம்’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. கிரேக்கத்திலிருந்து வந்த சொல் அது. தெய்வம் உள்ளே புகுந்த நிலை என்பது அதன் மூலப்பொருள். ஆடிக்கிருத்திகைக்குக் காவடியோடு மலையேறுகிறவர்களைப் பார்த்து ‘சாமி வந்துடுச்சி’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது ஒரு வசைச்சொல். வெட்டவெளியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளைக் கூட்டி உணர்ச்சி பொங்கப் பேசிய மெதடிஸ்ட் பிரசங்கிகளை மேட்டுக்குடியினர் ‘என்தூசியாஸ்ட்’ என்று இழிவாகப் பேசினார்கள். உழைக்கிறவனிடம் இருந்தபோது வெறியாகத் தெரிந்தது, பின்னால் கனவான்களிடம் வந்ததும் பண்பாகிவிட்டது. இங்கேயும் அப்படித்தான். நம் பிள்ளைகள் பறையடித்து ஆடினால் ‘கூச்சல்’, அதே ஆட்டத்தைக் கம்பெனி ஆண்டுவிழாவில் ஆடினால் ‘எனர்ஜி’.

சமூகவியல் படிப்பவர்களுக்கு ஆர்லி ஹாக்‌ஷீல்டைத் தெரிந்திருக்கும். விமானப் பணிப்பெண்களின் சிரிப்பும் கனிவும்கூட முதலாளி விலைக்கு வாங்கும் உழைப்புதான் என்று 1983-இல் வந்த ‘தி மேனேஜ்ட் ஹார்ட்’ நூலில் அவர் விளக்கினார். நேர்காணலில் கேட்கும் உற்சாகமும் அந்தக் கணக்குதான். இது நியாயமில்லை என்று நமக்குத் தெரியும், சொல்லிக்கொண்டும் இருப்போம். அதற்காக நம் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்ப முடியாது.

மறுநாள் கரும்பலகையில் வார்த்தைகளை எழுதிப் போட்டோம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்றும் எங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் உண்டு. உற்சாகத்தை ‘உத்சாகம்’ என்பார்கள். இரண்டு மொழியில் புழங்குகிறவர்களுக்கு மூன்றாவது மொழி எட்டாத மலை இல்லை.

‘எக்ஸைட்டட்’ என்பது நம் மனநிலை, ‘எக்ஸைட்டிங்’ என்பது அதைத் தருகிற விஷயம். ‘ஐ ஆம் எக்ஸைட்டிங்’ என்று சொல்லிவிடக் கூடாது. ‘ஈகர்’ என்றால் எப்போது தொடங்கலாம் என்ற துடிப்பு. ‘கீன்’ என்பது சத்தமில்லாத, நிலையான ஆர்வம். கூச்சப்படுகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். ‘த்ரில்ட்’ நல்ல சேதி வந்த பிறகு சொல்வது. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ சொன்னால் அதன்பின் வரும் வினைச்சொல்லில் ‘இங்’ சேர வேண்டும்: ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு வொர்க்கிங் ஹியர்’. ‘பேஷனேட்’ என்பதை எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். ‘பேஷன்’ லத்தீன் வழியில் முதலில் துன்பத்தைக் குறித்த சொல். கஷ்டப்பட்டும் நாம் கைவிடாத ஒன்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றோம்.

வார்த்தையைச் சொன்னதும் அதன் பின்னால் நீங்கள் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும் என்றோம். தங்கையிடம் கேட்டோம், கணக்கில் உனக்கு எப்படி ஆர்வம் வந்தது என்று. “அம்மாவோட மகளிர் குழுக் கணக்கு மொத்தத்தையும் பத்தாவதுலேர்ந்து நான்தான்க்கா எழுதறேன். ஒரு ரூவா தப்பு வந்ததில்ல.” இதை ஏன் அங்கே சொல்லவில்லை என்றோம். “இதெல்லாம் சொல்லலாமாக்கா?” என்றாள்.

அவளை வகுப்பின் முன்னால் நிற்க வைத்தோம். ‘ஐ ஆம் கீன் ஆன் அக்கவுன்ட்ஸ்’ என்று மெல்லிய குரலில் தொடங்கினாள். பின்னாலிருந்து ஒருத்தி “சத்தமா சொல்லுடி!” என்று கத்தினாள். மூன்றாவது முறை சொன்னபோது தெருவரைக்கும் கேட்டது. எல்லோரும் கைதட்ட, அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். அடங்கி இரு என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

தோழர்களே, உங்கள் பகுதியில் மாலை வகுப்பு நடத்துகிறீர்கள் என்றால் லீவ் லெட்டரோடு நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது, பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

தங்கைக்கு அடுத்த நேர்காணல் வரும் வியாழக்கிழமை.