முன்னுரிமை வரிசை

மலிவு விமானத்திற் செல்பவர் இருமுறை பணங் கொடுக்க நேர்கின்றது. பயணச்சீட்டுக்குக் கொடுப்பது முதலாவது. மற்றது, சீட்டு வாங்கி முடித்த பின்னர், ‘ஏனையோருக்கு முன்னர் ஏற விரும்புகின்றீர்களா?’ என்னும் வினாவுக்கு விடையாகக் கொடுப்பது. இலண்டனில் முதியோர் இல்லமொன்றில் பணிபுரியும் போலந்து நாட்டுப் பெண்ணொருத்திக்கு இவ்வினா ஆண்டுக்கு இருமுறை எழும். ஸ்ரான்ஸ்ரெட் விமான நிலையத்திலிருந்து கிராக்கோவுக்கு அவள் பெறும் சீட்டின் விலை இருபது பவுண். முன்னுரிமையின் விலையும் ஏறத்தாழ அவ்வளவே.

முன்னர் இக்கட்டணத்திற்கு ஒரு பொருள் இருந்தது. இருக்கைகள் ஒதுக்கப்படாத காலத்தில் முந்தி ஏறியவர் விரும்பிய இடத்தில் அமர்ந்தார். கணவனும் மனைவியும் வெவ்வேறு வரிசைகளில் அமர நேராதிருக்க ஓடினர். ஈஸிஜெட் 2012 நவம்பரிலும், றயன்எயர் 2014 பெப்ரவரியிலும் தத்தம் விமானங்கள் அனைத்திலும் இருக்கைகளுக்கு இலக்கமிட்டன. அத்துடன் முந்தி ஏறுவதற்கான தேவை மறைந்திருத்தல் வேண்டும். ஆயின் அக்கட்டணம் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தது. 2018 நவம்பரிலிருந்து றயன்எயர், முன்னுரிமை பெறாதார் இருக்கையின்கீழ் அடங்கும் சிறு பையொன்றை மாத்திரமே இலவசமாகக் கொண்டு செல்லலாமென விதித்தது. பத்துக் கிலோப் பெட்டியைத் தலைக்குமேலுள்ள தட்டில் வைக்கும் உரிமை முன்னுரிமையாளருக்கே உரியதாயிற்று. 189 இருக்கைகளுள்ள விமானத்தின் தட்டுகளில் அத்தனை பேரின் பெட்டிகளும் அடங்கா என்பது உண்மைதான். எனினும், விற்கப்படுவது நேரமன்று, தட்டிலுள்ள இடமே என்பது பலருக்குப் புலப்படுவதில்லை. முந்திச் சென்றோர், வந்திறங்கிய விமானம் வெறுமையாகும்வரை படிக்கட்டிலோ வெளியே குளிரிலோ நிற்பதை எவரும் காணலாம்.

சட்டம் இதனை முற்றாகத் தீர்த்துவிடவில்லை. நியாயமான நிறையும் அளவுங் கொண்ட கைப்பொதி பயணத்தின் இன்றியமையாத அங்கம் என்றும், அதற்கு மேலதிகக் கட்டணம் அறவிடலாகாது என்றும் ஐரோப்பிய நீதிமன்றம் 2014இற் கூறியது. எது நியாயமான அளவென்று அது வரையறுக்கவில்லை. அந்த இடைவெளிக்குள்ளேயே ஒரு வணிகம் வளர்ந்தது. ஸ்பானிய அரசு 2024 நவம்பரில் ஐந்து விமானக் கொம்பனிகளுக்கு மொத்தம் 179 மில்லியன் யூரோ அபராதம் விதித்தபோது, அவை அதனை எதிர்த்தன.

அப்பெண் இவற்றையெல்லாம் அறிந்தவளல்லள். ஒருமுறை வாயிலில் அவளது பை அளவுச் சட்டகத்துள் இறங்க மறுத்தது. வரிசை முழுவதும் பார்த்து நிற்க, பயணச்சீட்டின் விலையைப்போல் மூன்று மடங்கு பணத்தைச் செலுத்தினாள். பணத்தினும் அப்பார்வைகளே அவளை நெடுநாள் வருத்தின. ஆயினும் அடுத்த பயணத்திலும் அவள் முன்னுரிமை வாங்கவில்லை. மேலங்கியின் பைகளிற் காலுறைகளைத் திணித்து, இரண்டு கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேலொன்றாய் அணிந்து வியர்த்தபடி ஏறினாள். வறியோர் கண்ட இவ்வுபாயத்தைக் கொம்பனிகளால் இன்னும் அளக்க இயலவில்லை!

இம்முறை அவளது கணக்கு வேறாயிருந்தது. எண்பது வயதுத் தாய் நோயுற்றிருந்தாள். விடுமுறையோ மூன்று நாள். தாய்க்கென வாங்கிய கனத்த போர்வை சிறு பையினுள் அடங்காது. பெட்டியை விமானத்தின் அடித்தட்டுக்கு ஒப்படைப்பின் செலவு சிறிதே கூடும். ஆயின் கிராக்கோவில் அது வந்துசேரும்வரை காத்திருக்கவேண்டும். ஊருக்குச் செல்லும் இறுதிப் பேருந்து எவருக்காகவும் காத்திராது. அதனைத் தவறவிட்டால் மூன்று இரவுகளில் ஓரிரவு பேருந்து நிலைய வாங்கிலேயே கழிந்துவிடும். அவ்விரவின் விலை யாது? இருபது பவுண் அவளுக்கு இரண்டு மணிநேர வேலை. முதியோர் இல்லத்தில் பிறர் தாய்மாரை நீராட்டிப் பெற்ற கூலி அது.

போகும் பயணத்திற்கு முன்னுரிமை வாங்கினாள். திரும்பும் பயணத்திற்கும் வேண்டுமா என்று திரை மீண்டும் வினவியது. போர்வை அங்கேயே தங்கிவிடும், பெட்டியை அங்கு விட்டுவரலாம் என்றெண்ணி வேண்டாமென்றாள். தாய் உலர்த்தி வைத்திருக்கும் காட்டுக் காளான்கள் பின்னரே நினைவுக்கு வந்தன. அவற்றுக்கு நிறையில்லை, ஆனால் ஒரு பையையே நிரப்பிவிடும். மேலங்கியை எடுத்து, அதன் பைகளுள் கைவிட்டு ஆழம் பார்த்தாள்.