படுக்கை ஓரத்து ஜெபம்

ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் புதிதாக வரும் தம்பிகள் பெரும்பாலும் ஒரே வசனத்தோடு வருகிறார்கள். எதைக் குறித்தும் கவலை வேண்டாம் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியது. 4ஆம் அதிகாரம், 6ஆம் வசனம். நின்றபடியே அதைச் சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்கள். படுத்திருப்பவருக்கோ, இருந்த கவலை போதாதென்று, கவலைப்படுவதே அவிசுவாசமோ என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

பவுல் அதைக் காவலில் இருந்து எழுதினார். அதே நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், தன் உடன் ஊழியனான எப்பாப்பிரோதீத்து சாகப் பிழைக்கக் கிடந்ததையும், அவனை இழந்திருந்தால் தன் துயரம் எவ்வளவு பெருகியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். சபைகளைப் பற்றிய கவலை நாள்தோறும் தன்னை அழுத்துவதாகக் கொரிந்தியருக்கு எழுதியவரும் அவர்தான். கவலையே அறியாதவர் சொன்ன புத்திமதி அல்ல அது. அந்த வசனத்தின் பின்பாதியில்தான் எங்கள் வேலை இருக்கிறது: விண்ணப்பங்களை நன்றியோடு தேவனிடம் தெரிவிப்பது. தெரிவிக்க வேண்டுமென்றால், முதலில் அவை இன்னவை என்று தெரிய வேண்டுமே.

அதனால் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவேன். வேதாகமம் பைக்குள்ளேயே இருக்கும். ‘எதை நெனச்சும்மா பயமா இருக்கு?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். பாளையங்கோட்டையில், மகளின் ஆபரேஷனுக்கு முந்தின இரவு, ஒரு தாய் முதலில் ‘எல்லாம் கர்த்தர் பார்த்துக்கிடுவாருய்யா’ என்றுதான் சொன்னார். கொஞ்சம் பொறுத்திருந்தேன். மயக்க ஊசி போட்டால் பிள்ளை முழிக்காமல் போய்விடுமோ என்றார். பிறகு ரத்தம் கொடுக்க வருவதாகச் சொன்ன மைத்துனர் போனை எடுக்கவில்லை என்றார். கடைசியாக, குரலைத் தாழ்த்தி, அடகு வைத்த சங்கிலியைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்காரருக்கு அது தெரியாதாம்.

ஜெபிக்கும்போது அவை ஒவ்வொன்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்காக, மைத்துனருக்காக, அந்தச் சங்கிலிக்காகவும். ‘ஆமென்’ சொன்ன கையோடு அவர் எழுந்து, மைத்துனருக்கு மறுபடி போன் போட்டார். பெயர் சொல்லாத கவலை ராத்திரி முழுக்க மனசைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைத்தபின், கர்த்தரிடம் விட வேண்டியது எது, காலையில் நாம் செய்ய வேண்டியது எது என்று பிரிந்துவிடுகிறது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு நாளைய பாட்டை நாளைக்கு விடச் சொன்னதும் இன்றைய வேலைக்குக் கை ஒழிவதற்காகத்தான் என்று நம்புகிறேன்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பானவன். ‘நிச்சயம் சுகமாகிவிடும்’ என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பிலிப்பியர் நிருபத்தில் அடுத்த வசனம் தேவ சமாதானம் இருதயத்தைக் காக்கும் என்கிறது. கேட்டதெல்லாம் கேட்டபடி நடக்கும் என்று அங்கே இல்லை. கெத்செமனேயில் இயேசுவே வியாகுலப்பட்டு, பாத்திரம் நீங்கும்படி கேட்டார், அது நீங்கவில்லை. ஜெபிக்கவே நா எழாதவர்களுக்கு 13ஆம் சங்கீதம் வாசிப்பேன். அதுவும் முடியாதவர்களுக்கு 88. அது இருளிலேயே முடிகிற சங்கீதம். ‘இதெல்லாமா வேதத்துல இருக்கு?’ என்று கேட்டு அழுதவர்கள் உண்டு. அந்த அழுகைக்குப் பிறகு பலர் தூங்கியிருக்கிறார்கள்.

எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்திருந்தபோது, தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் எலியாவோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். கவலையில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த வரிசையை மாற்றாதீர்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று முதலில் கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்றால் ஜெபித்துவிட்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். மனநல மருத்துவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை விழுங்குவது விசுவாசக் குறைவு அல்ல என்பதை, ஊழியக்காரர் வாயால் அவர் கேட்க வேண்டும்.