துணைக்குப் போன நடை

இருபது வருஷ காலமாக, "தேகாப்பியாசம் அவசியம்" என்று வகுப்பில் போதித்து வந்தேன். போதித்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சென்ற வருஷம் என் தகப்பனார் காலமானார். துக்கம் என்றால் அழுகை என்று எண்ணியிருந்தேன். எனக்கு வந்ததோ கோபம். இரவில் தூக்கமில்லை, பகலில் எதிலும் மனம் பற்றவில்லை. நியாயமான சந்தேகம் கேட்ட பையன் ஒருவனை ஒரு நாள் வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி ஏளனம் செய்துவிட்டேன். அப்புறம் அவன் கையைத் தூக்கவே இல்லை.

வைத்தியர் மருந்து எழுதிக் கொடுத்தார். தினம் அரை மணி நேரம் நடக்கவும் சொன்னார். நான் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். மனம் சோர்ந்தவனை நடக்கச் சொல்வது, கிணற்றில் விழுந்தவனைக் கடைக்குப் போய் ஏணி வாங்கிவரச் சொல்வது போலத்தான்!

என் மனைவி உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. விடியற்காலையில் என் செருப்பை வாசலில் எடுத்து வைத்துவிட்டு, "தெப்பக்குளம் வரை நடந்து வரலாமென்று பார்க்கிறேன். இருட்டாயிருக்கிறது, துணைக்கு வாருங்கள்" என்றாள். அவளுக்குத் துணை போவதாக எண்ணிக்கொண்டே மூன்று வாரம் போனேன்.

மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒரு முறை சுற்றிவர எனக்குக் கால் மணி நேரம் ஆகும். முதலில் கால் வலியைத் தவிர வேறு லாபம் இல்லை. நாலாவது வாரம் ஒரு நாள், மைய மண்டபத்தின் மேல் வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பார்க்கத் தோன்றியதே எனக்கு ஆச்சரியமாயிருந்தது. அன்றிரவு தூங்கினேன்.

பிறகுதான் புஸ்தகங்களைப் புரட்டினேன். (வாத்தியார் புத்தி எங்கே போகும்?) அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையார், மனச்சோர்வு நோயுற்ற 156 பேரை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவை 1999-ல் வெளியிட்டார்கள். எல்லோரும் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். சிலருக்கு மருந்து, சிலருக்குத் தேகாப்பியாசம், சிலருக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆனால் மருந்து முன்னதாகவே குணம் காட்டியது. ஆகையால், மருந்தை நிறுத்திவிட்டு நடக்கக் கிளம்புகிறவர்கள் என்னைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை: மூளையில் சுரக்கும் ஒரு பொருளை 1992-ல் ஜெருசலேம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து, நம்முடைய 'ஆனந்தம்' என்ற சொல்லைக் கொண்டே 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். மிதமாக ஓடிய வாலிபர்களின் ரத்தத்தில் அது அதிகரிப்பதாக 2003-ல் வேறு சிலர் கண்டார்கள். பெயருக்கு நம்மிடம் வந்தார்கள். சரக்கோ எல்லோர் உடம்பிலும் இருக்கிறது!

தகப்பனாரின் சாய்வு நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அதற்குப் பரிகாரம் இல்லை. ஆனால் அந்தப் பையனிடம், அதே வகுப்பின் முன்னிலையில், மன்னிப்புக் கேட்க முடிந்தது. அவன் மறுபடி கையைத் தூக்க இரண்டு மாதம் ஆயிற்று.