கிடங்கும் கணிப்பொறியும்

சாந்த்ராகாச்சி என்றதும் நம் சங்கத்து நண்பர்களுக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். ஒன்று, ஸ்டேஷனை அடுத்துள்ள ஏரியும் அதில் குளிர்காலத்தில் வந்திறங்கும் பறவைக் கூட்டமும். மற்றொன்று, விடுமுறையில் ஊர் திரும்ப நாம் ஏறும் சென்னை ரயில். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். கோனா நெடுஞ்சாலையை ஒட்டித் தகரக் கூரை வேய்ந்து நிற்கும் சரக்குக் கிடங்குகளே அவை. கொல்கத்தாவையும் சென்னையையும் இணைப்பது 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஆதலால் நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிகளை இப்பக்கத்தில் காண்பது வியப்பன்று.

அத்தகைய கிடங்கு ஒன்றில்தான் என் தாய்மாமா மேலாளராக இருக்கிறார். திருப்பூரிலிருந்து வரும் பனியன் வகைகளை வங்கத்துக் கடைகளுக்குப் பிரித்து அனுப்புவது அவர்கள் தொழில். நான் மாமா வீட்டில் தங்கி இயற்பியல் முதுகலை படிக்கிறேன். இயற்பியல் மாணவனுக்குப் பனியன் கிடங்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

ஒரு வாணிக நிறுவனத்தில் விற்பனைக்கு ஒரு நோட்டு, கொள்முதலுக்கு ஒரு நோட்டு, இருப்புக்கு ஒரு நோட்டு, சம்பளத்துக்கு ஒரு நோட்டு என்று இருப்பது பழைய வழக்கம். ஒரு நோட்டு சொல்வதை மற்றொரு நோட்டு அறியாது. இவற்றையெல்லாம் ஒரே கணக்காக்கி, ஓரிடத்தில் எழுதியதை எல்லோரும் அக்கணமே காணும்படி செய்வதுதான் ஈ.ஆர்.பி. என்னும் மென்பொருள். இதன் வேர் 1960-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இருக்கிறது. ஆயிரம் லட்டு வேண்டுமென்றால் கடலை மாவு எத்தனை படி, சர்க்கரை எவ்வளவு, அடுப்பை எப்போது மூட்ட வேண்டும் என்று கல்யாணச் சமையற்காரர் பின்னோக்கிக் கணக்கிடுகிறார் அல்லவா? அதையே இயந்திர உறுப்புகளுக்குக் கணிப்பொறியைக் கொண்டு செய்தார்கள். 1972-இல் ஜெர்மனியில், ஐ.பி.எம். கம்பெனியை விட்டு வெளிவந்த ஐந்து பொறியாளர்கள் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனம் இதனை உலகமெங்கும் பரப்பியது.

நம் நாட்டில் இந்தக் கணக்கு இன்று கிடங்கின் வாசலோடு நிற்பதில்லை. 2018 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்க மின்வழிச் சீட்டு வேண்டும். அச்சீட்டில் முதற்பகுதி சரக்கைப் பற்றியது. இரண்டாம் பகுதி லாரியின் எண். வழியில் லாரி பழுதாகி வேறு லாரிக்குச் சரக்கை மாற்றினால் புது எண்ணைப் பதிய வேண்டும். 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது தவணை. திருப்பூரில் அனுப்புகிறவர், லாரிக்காரர், சர்க்கார், இங்கே இறக்குகிறவர் ஆகிய நால்வரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் ஆகிவிட்டார்கள். ஒருவர் எண்ணைத் தவறாக எழுதினால் நால்வரும் துன்புறுவர்.

சென்ற ஆண்டு மாமாவின் கிடங்கிற்கும் இம்மென்பொருள் வந்தது. அதை நிறுவச் சென்னையிலிருந்து இரு இளைஞர்கள் வந்தார்கள். தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர்கள். கிடங்கின் பேச்சோ வங்காளமும் இந்தியும். "பரீட்சைதான் முடிந்துவிட்டதே, வந்து நடுவில் நின்று சொல்லுடா" என்றார் மாமா. அப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

கிடங்கின் இருப்புக் கணக்கர் முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு பெரியவர். நான் அவரைக் 'காக்கு' என்பேன். சிற்றப்பா என்று பொருள். அவர் என்னை 'பாபா' என்பார், நம் ஊரில் 'வாப்பா, போப்பா' என்பது போல. முதல் நாளே அவர் சொன்னார்: "பாபா, துர்கா பூஜைக்கு இன்னும் இரண்டு மாதமில்லை. ஆண்டு வியாபாரத்தில் பெரும்பங்கு இப்போதுதான். பூஜை முடிந்தபின் இதை வைத்துக்கொள்ளச் சொல்." நான் சொன்னேன். தேதி மேலிடத்தில் குறிக்கப்பட்டது, மாற்ற இயலாது என்று பதில் வந்தது. ஆகஸ்டு நடுவில் பழைய நோட்டு மூடப்பட்டது.

செப்டம்பரில் இடி விழுந்தது. கணிப்பொறியின் கணக்கில் இருப்பதைவிட அலமாரிகளில் 214 பெட்டிகள் குறைந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: விளக்கம் கிடைக்கும் வரை காக்குவின் சம்பளமும், மூட்டை தூக்கும் பதினொரு பேரின் பூஜை போனஸும் நிறுத்தி வைக்கப்படும். திருட்டு என்ற சொல்லை யாரும் எழுதவில்லை; ஆனால் எல்லோர் காதிலும் அது விழுந்தது. பதினொரு பேரில் பெரும்பாலோர் பீகாரிலிருந்து வந்தவர்கள். அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் அவர்கள் ஊர்ப்பக்கம் போக முடியும். காக்குவோ ஒன்றும் பேசாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிழைப்புத் தேடி வேற்றூர் வந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். வந்தவன் மேல் பழி எவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் அளவு பிசகினால் முதலில் பிசகின் வடிவத்தைப் பார் என்று நமக்குக் கற்பிக்கிறார்கள். நானும் குறைந்த பெட்டிகளை அளவுவாரியாகப் பிரித்து எழுதினேன். 187 பெட்டிகள் இரண்டே அளவுகள்: 75, 110. யாரும் அதிகம் கேட்காத அளவுகள்! திருடுகிறவன் விலைபோகாத சரக்கையா தேடி எடுப்பான்? எஞ்சிய 27-உம் குழந்தைப் பனியன் ஒரே வகை.

காக்குவிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் ஒரு நொடி பார்த்தார். "இவை பரணில் இருக்கின்றன. பூஜைக் காலத்தில் விற்காத அளவுகளை மேலே ஏற்றிவிட்டு அலமாரியில் ஓடும் சரக்கை வைப்போம். ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான். அந்தப் பிள்ளைகள் கேட்ட பட்டியலில் பரண் என்று ஓர் இடமே இல்லையே" என்றார். ஏறி எண்ணினோம். 187. குழந்தைப் பனியன் பெட்டிகள் 135 இருந்தன. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு உருப்படி. திருப்பூர்ப் பில்லில் 1,620 உருப்படி என்று இருந்ததைக் கணிப்பொறி பத்துப் பத்தாகப் பிரித்து 162 பெட்டி என்று எழுதிக்கொண்டிருந்தது. வித்தியாசம் 27. கணக்கு நேராயிற்று.

சென்னை இளைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு பகலாக உட்கார்ந்து, பரணுக்கு ஓர் எண் கொடுத்து, பெட்டியின் அளவைத் திருத்தியவர்கள் அவர்களே. சம்பளமும் போனஸும் பூஜைக்கு முன்பே வந்தன. வருத்தம் தெரிவித்து ஒரு வரிக் கடிதம் மட்டும் வரவில்லை.

இது சிறிய கிடங்கின் கதை என்று எண்ண வேண்டாம். 1999-இல் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் சுமார் 11 கோடி டாலர் செலவில் இத்தகைய மென்பொருளை நிறுவிற்று. ஜூலையில், ஹாலோவீன் பண்டிகைக்கு ஆர்டர்கள் குவியும் நேரத்தில் அது ஓடத் தொடங்கியது. கிடங்கில் மிட்டாய் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. ஜெர்மனியின் லிடில் மளிகை நிறுவனம் ஏழாண்டு முயன்று, சுமார் 50 கோடி யூரோ செலவான பின், 2018-இல் தன் திட்டத்தையே கைவிட்டது. சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவது அவர்கள் வழக்கம். விற்கும் விலையில் மதிப்பிடுவது மென்பொருளின் வழக்கம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதே அப்போது சொல்லப்பட்ட முக்கிய காரணம். பணம் குறைவில்லை, அறிவாளிகள் குறைவில்லை. ஆயினும் தோல்வி. ஏன்? ஒவ்வொரு தொழிலுக்கும் எழுதாத பழக்கம் ஒன்று உண்டு. அதை எழுதிக்கொள்ளாத இயந்திரம், தான் அறியாததை இல்லாதது என்று கொள்கிறது.

அதற்காகக் கணிப்பொறி வேண்டாம் என்பது என் கட்சியன்று. இன்று மாமா மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார். எந்தப் பெட்டி எங்கே என்று தேடி யாரும் அலைவதில்லை. ஆனால் தேடும் வேலை குறைந்தபோது ஆளும் குறைந்தது. பதினொருவர் இப்போது எட்டுப் பேர். அந்த மூவரின் கணக்கு எந்தத் திரையிலும் தோன்றாது. இலாபத்தை எழுதுகிற கை அதையும் எழுத வேண்டாமா?

நண்பர்களே! நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் இத்தகைய மென்பொருளை ஊர் ஊராகச் சென்று நிறுவும் வேலைக்குத்தான் போகப் போகிறோம். முன்பின் தெரியாத ஊரில், மொழி தெரியாத கிடங்கில் போய் நிற்பீர்கள். அங்கேயும் ஒரு காக்கு இருப்பார். கணிப்பொறியைத் திறப்பதற்கு முன் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இங்கே சரக்கை எப்படி எண்ணுகிறீர்கள்? இடம் போதாதபோது எங்கே வைக்கிறீர்கள்? எந்த மாதத்தில் எங்களை வர வேண்டாம் என்பீர்கள்? பதிலைக் குறித்துக்கொண்டு, அவரோடு பரண் ஏறிப் பார்த்துவிட்டு, பிறகு வேலையைத் தொடங்குங்கள்.