பொய் மரம்

பழவேற்காடு ஏரிக்கரையில் மரம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது படகுதான். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம், பலகை வைத்துக் கட்டிய நாட்டுப்படகு... இதெல்லாம் ஒரு காலம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை நெடுக நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்தன. மரம் மெல்ல ஒதுங்கிக்கொண்டது.

ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஃபைபர் படகுக்கு யாரும் மர டிசைன் அடிப்பதில்லை! நீலம், மஞ்சள், பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறம், மேலே சாமி பெயரோ பிள்ளை பெயரோ, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குள் போனால் அலமாரி, டிவி ஸ்டாண்டு, கட்டில் எல்லாம் தேக்கு மாதிரியே இருக்க வேண்டும். படகுக்கு இல்லாத ஆசை அலமாரிக்கு மட்டும் ஏன்?

அந்தத் தேக்கும் தேக்கு இல்லை. சன்மைக்கா! அது ஒரு கம்பெனியின் பெயர். நம் ஊரில் எல்லா லேமினேட்டுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இதன் மூதாதை ஃபார்மிக்கா. 1912-இல் அமெரிக்காவில் இரண்டு பொறியாளர்கள் மின்சாதனங்களில் மைக்காவுக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கண்டுபிடித்தது. 'ஃபார் மைக்கா' என்பதே பெயராயிற்று. காகிதத்தைப் பிசினில் ஊறவைத்து, அடுக்கி, சூட்டில் அழுத்தினால் லேமினேட். மேலே தெரியும் மர ரேகை வெறும் அச்சடித்த காகிதம். அடியில் இருப்பது பெரும்பாலும் மரத்தூளைப் பசையால் ஒட்டிய பலகை.

ஏரிக்கரையில் இந்தப் பலகைக்கு ஆயுசு குறைவு. உப்புக்காற்று, ஈரம், மழையில் தரையில் ஓதம். லேமினேட்டுக்குள் தண்ணீர் போகாது. ஆனால் வெட்டிய ஓரம் வழியாகவும் கால் வழியாகவும் போகும். ஒருமுறை உப்பிய மரத்தூள் பலகை காய்ந்தாலும் பழையபடி சுருங்காது. தவணை முடிவதற்கு முன்பே கதவு மூடாமல் போய்விடும். மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த அலமாரி என்றால் தூக்கிப்போடவும் மனசு வராது.

அப்போதுதான் பெயின்ட் கைகொடுக்கிறது. சன்மைக்கா மேலேயே மர ரேகை வரையலாம். கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும்.

முதலில் சோப்புத் தண்ணீரிலும் பிறகு நல்ல தண்ணீரிலும் துடைக்க வேண்டும். உப்பு படிந்திருந்தால் அது ஈரத்தை இழுத்துப் பெயின்டையே தூக்கிவிடும். காய்ந்ததும் 220-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போனால் போதும். உப்பிய ஓரத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, பட்டி வைத்து அடைக்க வேண்டும். அடுத்து பிரைமர். சாதாரண மர பிரைமர் இதில் நிற்காது. வழவழப்பான பரப்பில் பிடிக்கும் வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். காய்ந்தபின் நகத்தால் சுரண்டினால் உரியக்கூடாது.

பிறகு கோதுமை நிறத்தில் இரண்டு கோட்டிங். அது காய்ந்ததும் பழுப்பு நிறத்தை நீர்க்கக் கலந்து மெல்லியதாகப் பூசி, ஈரம் காயும் முன் உலர்ந்த பிரஷ்ஷை ஒரே திசையில் இழுத்தால் ரேகை விழும். பழைய சீப்பும் உதவும். கதவில் ரேகை மேலிருந்து கீழ், டிராயரில் குறுக்கே. கணுக்கள் ஒன்றிரண்டு போதும். கடைசியில் வார்னிஷ் இரண்டு கோட்டிங். கண்ணுக்குத் தெரியாத முதுகுக்கும் காலுக்கும் கூட! ஆயுளைக் கூட்டுவது அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். மாசி, பங்குனி நல்லது.

இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா? ஜான் ரஸ்கின் அப்படித்தான் சொன்னார். 1849-இல் வெளியான 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில், ஒரு பொருளை இன்னொன்று போல் பூசிக் காட்டுவதைப் பொய் என்று கண்டித்தார். ஆனால் தங்கப்பூச்சுக்கு விலக்கு கொடுத்தார். அதை யாரும் முழுத் தங்கம் என்று நம்பப்போவதில்லையே!

அந்த விலக்கு இந்த அலமாரிக்கும் பொருந்தும். வீட்டுக்கு வருபவர் யாரும் இதைத் தேக்கு என்று நினைத்துப் பெண் கொடுக்கப்போவதில்லை :-) விற்கும்போது தேக்கு என்று சொல்லி விலை பேசினால்தான் பொய். கடையில் வந்தபோதே அது அச்சடித்த மரம்தான். அச்சில் அதே கணு அலமாரிக்கு அலமாரி திரும்ப வரும். கையால் இழுத்த ரேகை எங்கேயும் திரும்ப வராது.

படகு தண்ணீரில் நிற்க வேண்டும், தூரத்திலிருந்து தெரிய வேண்டும். அதற்கு மரவேஷம் தேவையில்லை. அலமாரி வீட்டாரின் கண்ணெதிரே தினமும் நிற்கிறது. அது கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று நினைப்பது குற்றமா என்ன? பாதியில் குப்பைக்குப் போக இருந்த சீர் இன்னும் சில வருஷம் வீட்டில் இருக்குமென்றால், அந்தப் பொய்யை மன்னிக்கலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?